கேட்டதைச் செய்து தருவார்கள்

கலிஃபோர்னியாவில், மில்பிடாஸில் நான் வேலை பார்த்த கட்டடத்தில் ஜன்னல்கள் திறக்காது. பகல் பன்னிரண்டு மணிக்கு மைக்ரோவேவ் இருக்கும் அறையிலிருந்து சாம்பார் வாசனை கிளம்பி கார்ப்பெட்டில் இறங்கும். மாலை வரை அங்கேயே இருக்கும். எங்கள் தளத்தில் தமிழர்கள் ஒன்பது பேர். எட்டுப் பேர் ஒரே மேசையில் சேர்ந்து சாப்பிட்டார்கள். ஒன்பதாவது ஆள் நான்.

சண்டை ஒன்றும் இல்லை. அவர்கள் பேச்சு கிரீன் கார்டு, டேகேர், எந்த ஊரில் வீடு வாங்கினால் ஸ்கூல் நன்றாக இருக்கும் என்று போகும். எனக்கு அதில் சொல்ல எதுவும் இருக்கவில்லை. அவர்கள் புரோகிராம் எழுதினார்கள். அந்தப் புரோகிராமை எப்படிப் பயன்படுத்துவது என்று நான் புத்தகம் எழுதினேன். அதற்கு முன் சென்னையில் ஒரு நாளிதழில் பதினொரு வருடம் துணை ஆசிரியர், பிறகு மூன்று வருடம் கோலாலம்பூர். கோலாலம்பூரில் இருந்தபோதே என் மண வாழ்க்கை சென்னையில் முடிந்துவிட்டது. கையெழுத்துப் போட மட்டும் போய் வந்தேன். சாப்பாட்டு மேசையில் சொல்கிற விஷயம் இல்லை இது. முதல் மாதம் என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டாவது மாதம் நான் வருகிறேனா என்று திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவது மாதம் அந்த மேசையைச் சுற்றி எட்டு நாற்காலிகள்தான் இருந்தன.

எனக்கு வேண்டியிருந்தது மலாய்ச் சாப்பாடு.

கோலாலம்பூரில் ஆபீசுக்குக் கீழே ஒரு மலாய்க் கடை இருந்தது. தட்டில் சோறு வாங்கிக்கொண்டு, வரிசையாக வைத்திருக்கும் குழம்பு, பொரியல், மீன் எல்லாவற்றிலிருந்தும் வேண்டியதை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். கடைக்காரப் பெண்மணி தட்டை ஒரு பார்வை பார்த்து விலை சொல்வார். கையால் சாப்பிடலாம். யாரோடும் சேர்ந்து உட்கார வேண்டியதில்லை. தனியாகச் சாப்பிடுகிறவனை அங்கே யாரும் விசேஷமாகப் பார்ப்பதில்லை. சம்பால் என்கிற மிளகாய் விழுதும், அதில் சேர்க்கும் பெலாச்சானும் அங்கேதான் எனக்குப் பழகின. பெலாச்சான் என்பது உப்பிட்டுப் புளிக்கவைத்து இடித்த கூனி இறால் கட்டி. அதை நெருப்பில் வாட்டும்போது வருகிற வாடை, பழகாதவர்களை எதிர் நடைபாதைக்குத் துரத்தும்.

மில்பிடாஸில் அதைத் தேடியதை ஒரு செய்திக்கு அலைவதுபோலத்தான் செய்தேன். மஞ்சள் பக்கங்களில் மலேசியா என்று ஆரம்பிக்கும் பெயர்கள் மூன்று இருந்தன. ஒன்று பயண ஏஜென்சி. இன்னொன்று ரப்பர் கையுறை இறக்குமதி செய்யும் கம்பெனி. மூன்றாவது சான் பிரான்சிஸ்கோவில், மாலையில் மட்டும் திறக்கிற, மேசை விரிப்புப் போட்ட உணவகம். எனக்கு உணவு இடைவேளை ஒரு மணி நேரம். போக பதினைந்து நிமிடம், வர பதினைந்து நிமிடம் என்று வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் இருந்த கடைகளில் ஒவ்வொன்றாகச் சாப்பிட்டேன். சீனக் கடைகளில் சிங்கப்பூர் நூடுல்ஸ் என்ற பெயரில் மஞ்சள் பொடி போட்ட சேமியா கிடைத்தது. தாய்லாந்துக் கடைகளில் எல்லாம் இனித்தது. ஒரு இந்தோனேசியக் குடும்பம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டிலிருந்து பொட்டலம் கட்டிக் கொடுத்தது. இரண்டு முறை வாங்கினேன், பிறகு அவர்கள் ஊர் மாறிவிட்டார்கள். இப்படி ஏழு மாதம் போயிற்று.

கடையைக் கடைசியில் கண்டுபிடித்துக் கொடுத்தது மூக்கு. ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்குச் சலவைக்குப் போட்ட சட்டைகளை வாங்கப் போயிருந்தேன். ஃப்ரீவேயை ஒட்டிய ஒரு கடை வரிசை. சலவைக்கடை, அதற்கு அடுத்து ஒரு சாப்பாட்டுக் கடை, அதற்கு அடுத்து வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கும் ஆபீஸ். சாப்பாட்டுக் கடையின் பலகையில் 'ஏஷியன் லஞ்ச்' என்று மட்டும் இருந்தது. அதைத் தாண்டிப் பத்துத் தடவையாவது நடந்திருப்பேன். அன்று பின்பக்கமாகக் காரை நிறுத்தியதில் வாடை வந்தது. சட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டே பின்கதவு வரை போனேன்.

தலையைத் துணியால் மூடிய ஒரு பெண்மணி, வயது ஐம்பது இருக்கும், இடுக்கியில் ஒரு கட்டியைப் பிடித்து அடுப்பில் வாட்டிக்கொண்டிருந்தார்.

"பதினொரு மணிக்குத்தான் திறப்போம்" என்றார் ஆங்கிலத்தில்.

"பெலாச்சானா?" என்று கேட்டேன்.

இடுக்கியோடு திரும்பினார். "மலேசியாவா நீங்க?"

"மெட்ராஸ். கே.எல்.லில் மூன்று வருடம் இருந்தேன்."

"அப்படின்னா சரி. பதினொண்ணுக்கு வாங்க, அண்ணே."

அண்ணே என்பதைத் தமிழிலேயே சொன்னார். மலேசியாவில் மலாய்க்காரர்கள் தமிழ் ஆண்களை, வயது எதுவானாலும், அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவருக்குத் தெரிந்த தமிழ் அனேகமாக அவ்வளவுதான். நான் அவரைக் 'கக்' என்றேன். மலாயில் அக்கா. மற்றபடி நாங்கள் பேசியது ஆங்கிலமும் என் உடைந்த மலாயும் கலந்த ஒன்று. இங்கே தமிழில் எழுதுகிறேன்.

பலகையில் ஏன் மலாய் என்று போடவில்லை என்று பிறகு ஒரு நாள் கேட்டேன். "போட்டா இங்க யாருக்குப் புரியும்? அது ஊரா, மீனான்னு கேப்பாங்க" என்றார்.

நாலு பேர் உட்காரும் மேசைகள் ஆறு. வாசல் பக்க ஜன்னலை ஒட்டி இரண்டு பேர் உட்காரும் மேசை ஒன்று. அதில் ஒரு நாற்காலியின் கால் ஆடும். மற்றதில் நான் உட்காருவேன். முன்னால் கார் நிறுத்தும் இடமும் அதற்கு அப்பால் பழுப்பேறிய மலைகளும் தெரியும். சோறு, ஒரு கறி, இரண்டு காய், சம்பால், எல்லாம் சேர்த்து நாலரை டாலர். எங்கள் ஆபீஸ் கஃபேயில் சாண்ட்விச் அதைவிட அதிகம். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு செவ்வாயும் வெள்ளியும். புளிப்பும் காரமுமாக மீன் குழம்பு புதன்கிழமை. மாட்டிறைச்சியை நான் தொடுவதில்லை என்று இரண்டாவது நாளே கவனித்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தத் தட்டை என் வழியிலிருந்து நகர்த்தி வைத்துவிடுவார், ஒன்றும் கேட்காமல்.

நான்கு மாதத்தில் நாங்கள் பேசிக்கொண்டதை எழுதினால் ஒரு பத்திக்கு மேல் வராது. அவர் மலேசியாவின் கேடா மாநிலத்தில் ஒரு சின்ன ஊர்க்காரர். கணவர் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. இவரும் அங்கேயே ஆறு வருடம் லென்ஸ் வழியாகப் பார்த்துச் சால்டரிங் செய்தவர். கண் கெட்டுப்போக ஆரம்பித்ததும் அதை விட்டுவிட்டு இந்தக் கடையை எடுத்தார். என்னைப் பற்றி அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "சனி, ஞாயிறு எங்க சாப்பிடுவீங்க?" வீட்டில் என்றேன். வெள்ளிக்கிழமை கிளம்பும்போது ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் சம்பால் கொடுக்க ஆரம்பித்தார். திங்கட்கிழமை டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொடுப்பேன்.

எண்ணுவது எனக்குப் பழைய தொழில் வியாதி. கூட்டம் என்று எழுதினால் எத்தனை பேர் என்று கேட்கிற ஆபீசில் வளர்ந்தவன். பக்கத்து ஆஸ்பத்திரியின் பிலிப்பினோ நர்ஸுகள் நான்கு பேர். வரி ஆபீஸ்காரர். சலவைக்கடையிலிருந்து ஒருவர். இரண்டு இந்தோனேசிய மாணவர்கள். என்னையும் சேர்த்துப் பன்னிரண்டு பேரை ஒரு நாளும் தாண்டியதில்லை.

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் தண்ணீர் வைக்க வந்த கக் நின்றார்.

"ஜூனோட லீஸ் முடியுது, அண்ணே. பன்னெண்டு தட்டுக்கு ஒரு கடை நடத்த முடியாது. நாப்பது வேணும். இல்லாட்டி மறுபடி ஃபேக்டரிதான்."

"கண்?"

"கண்ணுதான் எனக்கும் பயம்" என்று சொல்லிவிட்டு வைத்த தம்ளரை மேசையில் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

நாற்பது பேரை வரவைக்க எனக்கு ஒரு வழி தெரியும். அந்த வட்டாரத் தமிழர்களுக்கு ஒரு ஈமெயில் பட்டியல் இருந்தது. தொட்டில் விற்பனைக்கு, கோயிலுக்குப் போக ரைடு வேண்டும், ரூம்மேட் தேவை என்று தினமும் வரும். அதில் நான் ஒரு குறிப்பு எழுதினால் படிப்பார்கள். தெரிந்தும் ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். அந்த ஜன்னல் மேசையில் எனக்கென்று ஒரு மணி நேரம் இருந்தது. அதை விட மனம் வரவில்லை. எட்டாவது நாள் கக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அரிசி மூட்டையின் மேல் இருந்த எழுத்தை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படிப்பதைப் பார்த்தேன். ஆபீசுக்குத் திரும்பியதும் எழுதினேன்.

நல்ல குறிப்பு அது. இடம், நேரம், விலை, எந்த எக்ஸிட், கார் எங்கே நிறுத்துவது. மலாய்ச் சாப்பாடு, நம் நாக்குக்கு ஒத்துவரும், கோழியும் மீனும் காயும் உண்டு. இவ்வளவும் சரிபார்த்த தகவல். கடைசியில் இடம் மிச்சம் இருப்பதுபோல் தோன்றியது. 'கேட்டதைச் செய்து தருவார்கள்' என்று ஒரு வரி சேர்த்தேன்.

அவர் அப்படி என்னிடம் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. விளம்பரங்களில் ஆயிரம் தடவை பார்த்த வரி, கை தானாக எழுதியது. வேறு யாராவது எழுதிக் கொண்டுவந்திருந்தால் 'யார் சொன்னது?' என்று ஓரத்தில் எழுதி அடித்திருப்பேன்.

அடுத்த திங்கட்கிழமை பதினொரு பேர் ஒரே நேரத்தில் உள்ளே வந்தார்கள். எங்கள் ஆபீசின் எட்டுப் பேரில் ஐந்து பேர் அதில் இருந்தார்கள். நான் என் மேசையில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"எக்ஸ்கியூஸ் மீ ஆன்ட்டி, இதுல பீஃப் இருக்கா?"

"அது ஒண்ணுலதான்."

"இந்தக் கரண்டி அதுக்குப் போகாதே?"

"டேய், கரண்டிக்கெல்லாம் இன்டர்வியூ வைக்காத. பசிக்குது."

"உனக்கென்னடா, நீ எதையும் உள்ள தள்ளுவ. என் வைஃபுக்குத் தெரிஞ்சா நான் கராஜ்லதான் படுக்கணும்."

"அது இருக்கட்டும், என்னப்பா இது, கருவாட்டு ஸ்மெல் மண்டைக்கு ஏறுது?"

"சார் மெயில்ல பார்க்கிங் பத்தியே மூணு லைன் எழுதினாரு. இதைப் பத்தி மூச்சு விடலையே." என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எங்கள் ஆபீசில் டெஸ்டிங் பிரிவில் இருந்தவர், கோயம்புத்தூர்க்காரர், எதையும் முழுதாகப் படிக்கிறவர், தட்டோடு முன்னால் போனார். "ஆன்ட்டி, தயிர் கிடைக்குங்களா? பிளெயின் யோகர்ட்?"

"யோகர்ட் இல்லையே."

அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். என் குறிப்பைப் பிரிண்ட் எடுத்திருந்தார். கடைசி வரியில் மஞ்சள் கோடு போட்டிருந்தது. "இதுல போட்டிருக்குதுங்க, கேட்டதைச் செஞ்சு தருவீங்கன்னு."

நாங்கள் ஆங்கிலத்தில்தான் பட்டியலுக்கு எழுதுவோம். கக் தாளை வாங்கி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, முழுவதும் படித்தார். நேரம் எடுத்தது. பின்னால் வரிசை நின்றது. பிறகு எல்லோர் தலைக்கும் மேலாக என்னைப் பார்த்தார்.

"அண்ணே, இது நீங்க எழுதினதா?"

"ஆமாம்."

தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "நாளைக்கு யோகர்ட் இருக்கும்" என்றார்.

பத்திரிகையில் தவறு வந்தால் மறுநாள் இரண்டாம் பக்கத்தில் கட்டம் கட்டித் திருத்தம் போடுவோம். அன்று எழுந்து நின்று, அந்த ஒரு வரி என்னுடைய பிழை என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். பதினொரு தட்டுகள் மேசைகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. நான் சொல்லவில்லை.

மறுநாள் தயிர் இருந்தது. இருபது பேர் வந்தார்கள். மாட்டிறைச்சி அந்த வாரமே நின்றது. இரண்டாவது வாரம் தேங்காய்ப்பால் சோற்றிலிருந்து நெத்திலி போயிற்று. ஒருவருடைய மனைவி அட்டையில் சாம்பார் செய்முறை எழுதி அனுப்பினார், பெருங்காய டப்பாவோடு. கக் அதைச் சுவரில் ஒட்டிவைத்து மூன்று நாளில் கற்றுக்கொண்டார். நான்காவது நாள் ஒரு மயிலாப்பூர்க்காரர், "ஆன்ட்டி, உங்க சாம்பார் எங்காத்துதைவிட நன்னா இருக்கு, வெளில சொல்லிடாதேள்" என்றார். கக்குக்கு அந்தத் தமிழில் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. சிரிப்பைப் பார்த்து இவரும் சிரித்தார். ரசம் வந்தது. அப்பளம் வந்தது. ஜூன் இரண்டாவது வாரம் நான் எண்ணியபோது நாற்பத்திரண்டு பேர்.

லீஸைப் புதுப்பித்தார்கள். அன்று கணவரும் வந்திருந்தார். மெலிந்த, பேசாத மனிதர். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கிவிட்டுத் தன் வலது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். கக் என்னிடம் காசு வாங்க மறுத்தார். நான் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூலையில் ஜன்னல் மேசையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நீள மேசை போட்டார்கள். வேறு எங்கே உட்காருவது? "சார், இங்க வாங்க சார், நீங்க டிஸ்கவர் பண்ண கடை, நீங்களே ஒதுங்கி நின்னா எப்படி?" என்று எட்டுப் பேரும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். ஒன்பதாவது நாற்காலி வந்தது. நல்ல மனிதர்கள். அப்பளத்தை என் பக்கம் தள்ளினார்கள். டேகேர் பற்றிப் பேசினார்கள். நான் அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, ஆபீசின் மைக்ரோவேவ் அறையில் இலவசமாகக் கிடைக்கும் வாசனையை நாலரை டாலர் கொடுத்துச் சாப்பிட்டேன்.

நர்ஸுகள் வருவது எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. நான் எண்ணுவதை விட்டிருந்தேன்.

ஆகஸ்டில் ஒரு நாள், வரிசையில் எனக்குப் பின்னால் யாரும் இல்லாதபோது, மெதுவாகக் கேட்டேன்.

"கக், சம்பால்?"

"காலைல செஞ்சாக்கூட மத்தியானம் வரைக்கும் வாடை நிக்குது, அண்ணே. மூணு பேர் சொல்லிட்டாங்க. வெள்ளிக்கிழமை குழந்தைங்களைக் கூட்டிட்டு வர்றாங்க வேற." கொஞ்சம் நிறுத்தி, "நீங்களும் இப்ப இதைத்தானே நல்லா சாப்பிடுறீங்க" என்றார்.

ஆமாம் என்றேன். வெள்ளிக்கிழமை டப்பா அதற்கு முன்பே நின்றிருந்தது. நாற்பது பேருக்குச் சமைக்கிறவருக்கு அதெல்லாம் நினைவிருக்க நியாயமில்லை. கடைசியாகக் கொடுத்த டப்பா கழுவித் துடைத்து என் சமையலறை மேடையில் இருந்தது.

செப்டம்பரில் பலகை மாறியது. 'சவுத் இண்டியன் லஞ்ச்' என்று சிவப்பு எழுத்து. நானும் பழகிக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன்.

அக்டோபரில் ஒரு மீட்டிங் நீண்டு, நான் கடைக்குப் போகும்போது இரண்டே முக்கால். யாரும் இல்லை. தட்டுகள் காலியாகி, அடியில் மசாலா காய்ந்திருந்தது. சமையலறைக் கதவை ஒட்டிய கடைசி மேசையில், எனக்கு முதுகைக் காட்டி, கக் தன் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பின்கதவு முழுதாகத் திறந்திருந்தது. ஒரு மின்விசிறி வெளியே பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. அப்படியும் வாடை என்னிடம் வந்துவிட்டது. நான்கு மாதமாக முகராத வாடை.

இன்னும் இரண்டு அடி எடுத்து வைத்ததில் தட்டு தெரிந்தது. வெள்ளைச் சோறு, ஒரு துண்டு பொரித்த மீன், இரண்டு துண்டு வெள்ளரிக்காய், ஓரத்தில் கருஞ்சிவப்பாகச் சம்பால். கையால் பிசைந்துகொண்டிருந்தார்.

காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார். ஒரு நொடியில் இடது கை பக்கத்தில் இருந்த பெரிய பாத்திர மூடியை எடுத்துத் தட்டின் மேல் கவிழ்த்தது. யார் வந்தது என்று பார்ப்பதற்கு முன்பே அது நடந்துவிட்டது. கை அதற்குப் பழகியிருந்தது.

"ஓ, நீங்களா அண்ணே" என்றார். ஆனால் மூடியை எடுக்கவில்லை. எழுந்து கையைக் கழுவினார். "மன்னிச்சுக்கோங்க, வாடையா இருக்கும். சாம்பார் கொஞ்சம் இருக்கு. சூடு பண்ணட்டுமா?"

அதைத் திறங்கள் என்று சொல்லியிருக்கலாம். எனக்கும் அதில் ஒரு கரண்டி கொடுங்கள் என்றால் கொடுத்திருப்பார், தன் பங்கு முழுவதையுமே கொடுத்திருப்பார். நாளையிலிருந்து எனக்காக ஒரு கிண்ணம் தனியாக வைத்து, யாருக்கும் தெரியாமல் நீட்டியிருப்பார். கேட்டதைச் செய்து தருகிறவர் என்று ஊருக்கு எழுதியவன் நான். இன்னொரு ஆளாக நானும் கேட்கப் பிடிக்கவில்லை.

"பண்ணுங்க, கக்" என்றேன்.

சாம்பார் சாதமும் தயிரும் கொண்டுவந்து வைத்தார். நீள மேசையின் ஒரு முனையில் உட்கார்ந்தேன். அவர் தன் மேசைக்குப் போய், மூடியிட்ட தட்டுக்கு முன்னால், கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வாடிக்கையாளர் இருக்கும்போது திறக்க மாட்டார் என்று புரிந்தது. மீன் ஆறிக்கொண்டிருக்கும்.

வேகமாகச் சாப்பிட்டேன். தயிரைத் தொடவில்லை. காசை வைத்துவிட்டு, வருகிறேன் என்று சொல்லி வெளியே வந்து காருக்குள் உட்கார்ந்தேன். ஜன்னல் வழியாகக் கடைசி மேசை தெரிந்தது. நான் கார்க் கதவைச் சாத்தும் வரை பார்த்திருந்துவிட்டு அவர் மூடியைத் தூக்கினார்.